பாகங்கள் நல்லவை, வண்டி மட்டும் ஏன் நிற்கிறது?

"அந்தக் காலத்து வண்டி மாதிரி இப்போது எங்கே வருகிறது?" இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். டட்சன் 120ஒய் என்று சொன்னாலே தாத்தாக்களின் முகம் மலர்ந்துவிடும். பானெட்டைத் திறந்தால் எல்லாப் பாகமும் கண்ணுக்குத் தெரியும். ஒரு ஸ்குருடிரைவரும் இரண்டு ஸ்பேனரும் இருந்தால் சாலையோரத்திலேயே பழுது பார்த்துவிடலாம். இன்றைய பிக்கப் வண்டியில் அப்படி முடியாது. முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். வண்டி வேகம் எடுக்க மறுக்கும். பட்டறைக்குப் போனால் முதலில் ஸ்பேனரை எடுக்க மாட்டார்கள், கணினியைத்தான் எடுப்பார்கள்.

இது வெறும் எரிச்சல் விஷயம் அன்று. செம்பனை பயிரிடும் ஒரு சிறுதோட்டக்காரரை நினைத்துப் பாருங்கள். அறுத்த குலைகளை 24 மணி நேரத்திற்குள் ஆலையில் சேர்த்துவிட வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. நேரம் ஆக ஆக, காயம்பட்ட பழங்களில் உள்ள லிப்பேஸ் என்னும் நொதி எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பு அமிலங்களைப் பிரித்துவிடும். எண்ணெயின் தரம் குறையும், விலையும் குறையும். குலைகளை ஏற்றிய பிறகு பிக்கப் கிளம்ப மறுத்தால் நட்டம் அவருக்குத்தான்.

அப்படியானால் பெரியவர்கள் சொல்வது சரிதானா? இன்றைய வாகனங்களின் பாகங்கள் தரம் குறைந்தவையா? அறிவியல் தரும் பதில் கொஞ்சம் வியப்பானது. பாகங்களின் தரம் கூடியிருக்கும்போதே முழு வண்டி அடிக்கடி தொல்லை கொடுக்க முடியும். எப்படி என்று இந்த வாரம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நம்பகத்தன்மை என்றால் என்ன?

பேச்சு வழக்கில் "நம்பகமான வண்டி" என்றால் நல்ல வண்டி என்று பொருள். பொறியியலில் இந்தச் சொல்லுக்குத் துல்லியமான பொருள் உண்டு. ஒரு பொருள், குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட காலம் வரை, தனக்குரிய வேலையைப் பழுதின்றிச் செய்வதற்கான நிகழ்தகவே அதன் நம்பகத்தன்மை.

இந்த வரையறையில் நான்கு செய்திகள் உள்ளன: வேலை, காலம், சூழல், நிகழ்தகவு. நான்கில் ஒன்றை விட்டுவிட்டாலும் பேச்சு குழம்பிவிடும். "இந்த பேட்டரி நம்பகமானது" என்றால் போதாது. "எத்தனை ஆண்டுக்கு? எந்த வெப்பநிலையில்?" என்று அறிவியல் மாணவர் கேட்க வேண்டும்.

நிகழ்தகவு 0 முதல் 1 வரை இருக்கும். ஒரு பாகத்தின் ஓராண்டு நம்பகத்தன்மை 0.99 என்றால், அத்தகைய 100 பாகங்களில் சராசரியாக 99 பாகங்கள் அந்த ஆண்டு முழுவதும் பழுதின்றி வேலை செய்யும், ஒன்று பழுதாகும்.

பெருக்கலில் ஒளிந்திருக்கும் ஆபத்து

தொடர் மின்சுற்றை ஆரம்பப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். தொடராக இணைத்த மின்விளக்குகளில் ஒன்று பழுதானாலும் எல்லா விளக்குகளும் அணைந்துவிடும். வண்டியின் பல பாகங்களும் இப்படித்தான் ஒன்றையொன்று சார்ந்துள்ளன. எரிபொருள் பம்பு, உட்செலுத்தி, கட்டுப்பாட்டுக் கணினி, தீப்பொறி, கியர் என எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்தால்தான் சக்கரம் சுழலும்.

இத்தகைய தொடர் அமைப்பில் முழு வண்டியின் நம்பகத்தன்மையைக் கண்டறிய, எல்லாப் பாகங்களின் நம்பகத்தன்மைகளையும் ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். ஒரு பாகத்தின் பழுது இன்னொன்றைப் பாதிக்கவில்லை என்று வைத்துக்கொண்டால் இந்தக் கணக்குப் பொருந்தும். ஜெர்மானியப் பொறியாளர் ராபர்ட் லூசரின் பெயரால் இதை லூசர் விதி என்பார்கள். "சங்கிலியின் வலிமை அதன் மிகப் பலவீனமான கண்ணியில் இருக்கிறது" என்று நாம் சொல்வதுண்டு. நம்பகத்தன்மையில் நிலைமை அதைவிட மோசம். முழு அமைப்பின் நம்பகத்தன்மை, மிகப் பலவீனமான பாகத்தின் நம்பகத்தன்மையைவிடவும் குறைவாகவே இருக்கும்.

கணிப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வண்டிகளைக் கற்பனை செய்வோம். எண்கள் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவை.

பழைய வண்டி: ஓடுவதற்கு அவசியமான பாகங்கள் 20. ஒவ்வொன்றின் ஓராண்டு நம்பகத்தன்மை 0.995. அதாவது 1,000 பாகங்களில் 5 பழுதாகும்.
0.995-ஐ 20 முறை பெருக்கினால் கிடைப்பது ஏறக்குறைய 0.905.

புதிய வண்டி: அவசியமான பாகங்கள் 200. ஒவ்வொன்றின் நம்பகத்தன்மை 0.999. அதாவது 1,000 பாகங்களில் 1 மட்டுமே பழுதாகும்.
0.999-ஐ 200 முறை பெருக்கினால் கிடைப்பது ஏறக்குறைய 0.819.

விடையைக் கவனித்தீர்களா? புதிய வண்டியின் ஒவ்வொரு பாகமும் பழையதைவிட ஐந்து மடங்கு சிறந்தது. ஆனாலும் பழைய வண்டி ஓராண்டில் நின்றுபோகும் வாய்ப்பு ஏறக்குறைய 9.5 விழுக்காடு, புதிய வண்டிக்கோ ஏறக்குறைய 18 விழுக்காடு. பாகங்களைச் செய்த தொழிற்சாலை எந்தத் தவறும் செய்யவில்லை. எண்ணிக்கைதான் தோற்கடித்தது.

புதிய வண்டி பழையதற்கு இணையாக வேண்டுமானால் ஒவ்வொரு பாகமும் 0.9995 என்ற அளவை எட்ட வேண்டும். பாகங்களின் எண்ணிக்கை பத்து மடங்கு கூடினால், ஒவ்வொரு பாகத்தின் பழுதும் பத்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். இதுவே இன்றைய பொறியாளர்களின் தலைவலி.

வகுப்பில் செய்து பாருங்கள்

தேவையானவை: பகடைக் காய்கள் 12, தாள், பேனா.

1. ஒவ்வொரு பகடையும் ஒரு பாகம். 1 விழுந்தால் அந்தப் பாகம் பழுது. வேறு எந்த எண் விழுந்தாலும் பழுதில்லை.
2. முதலில் ஒரு பகடையை 30 முறை உருட்டுங்கள். எத்தனை முறை வண்டி "ஓடியது" என்று குறித்துக்கொள்ளுங்கள்.
3. அடுத்து 4 பகடைகளை ஒன்றாக உருட்டுங்கள். ஒன்றில் 1 விழுந்தாலும் வண்டி நின்றுவிட்டது என்று பொருள். 30 முறை செய்யுங்கள்.
4. கடைசியாக 12 பகடைகளுடன் 30 முறை செய்யுங்கள்.

கணக்குப்படி ஒரு பகடையில் வண்டி ஓடும் வாய்ப்பு 83 விழுக்காடு. 4 பகடைகளில் 48 விழுக்காடு. 12 பகடைகளில் 11 விழுக்காடு மட்டுமே. உங்கள் முடிவுகள் இவற்றிலிருந்து சற்று மாறுபடும். பல குழுக்களின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்தால் கணக்கை நெருங்கி வருவதைக் காணலாம்.

பாகங்கள் ஏன் கூடின?

"அப்படியானால் பாகங்களைக் குறைத்துவிட வேண்டியதுதானே?" என்று கேட்கத் தோன்றும். ஒவ்வொரு பாகமும் ஏன் வந்தது என்று தெரிந்த பிறகே அதற்குப் பதில் சொல்ல முடியும். பிக்கப் வண்டிகளில் உள்ள டீசல் எஞ்சினையே எடுத்துக்கொள்வோம்.

பழைய டீசல் எஞ்சினில் எரிபொருளைச் செலுத்தியது முழுக்க முழுக்க இயந்திர விசையால் இயங்கிய பம்பு. அழுத்தம் சில நூறு பார் அளவில் இருந்தது. புகையும் கறுப்பாக வந்தது. இன்றைய எஞ்சினில் டீசல், பொதுக் குழாய் ஒன்றில் 2,000 பார் அளவுக்கு அழுத்தப்பட்டு நிற்கிறது. காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பார்தான். உலகின் மிக ஆழமான மரியானா அகழியின் அடியில் கூட அழுத்தம் ஏறக்குறைய 1,100 பார். இவ்வளவு அழுத்தத்தில் பீய்ச்சினால் டீசல் மிக நுண்ணிய துளிகளாகச் சிதறும். துளி சிறிதானால் மொத்தப் பரப்பளவு கூடும், எரிதல் முழுமையாகும். புகை குறையும், எரிபொருளும் மிச்சமாகும்.

இதற்கு விலை உண்டு. உட்செலுத்தியின் அசையும் பகுதிகளுக்கு இடையே உள்ள இடைவெளி சில மைக்ரோமீட்டர் மட்டுமே. நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரோமீட்டர். டீசலில் கொஞ்சம் நீரோ தூசியோ கலந்தாலும் பழைய பம்பு சமாளித்துக்கொண்டது. புதிய உட்செலுத்தி தேய்ந்துவிடும்.

அடுத்து, புகைக்குழாயில் உள்ள கரித்துகள் வடிகட்டி. ஐரோப்பாவில் 1992-இல் வந்த யூரோ 1 விதி, டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 140 மில்லிகிராம் நுண்துகள் வரை வெளியிட அனுமதித்தது. யூரோ 5 விதியில் அது 5 மில்லிகிராமாகக் குறைந்தது. 28-இல் ஒரு பங்கு. வடிகட்டி இல்லாமல் இதை எட்டுவது மிகக் கடினம். வடிகட்டியில் சேரும் கரியை அவ்வப்போது எரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு ஏறக்குறைய 600 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓடும் வண்டியில் இது எளிதாக நடக்கும். தோட்டத்துச் செம்மண் பாதையில் மெதுவாக ஊர்ந்து, பத்து நிமிடத்தில் எஞ்சினை நிறுத்தும் வண்டியில் அந்த வெப்பம் வருவதில்லை. வடிகட்டி அடைத்துக்கொள்ளும், விளக்கு எரியும், வண்டியின் ஆற்றல் குறையும்.

எரிச்சலில் சிலர் வடிகட்டியையே கழற்றி எறிய நினைப்பதுண்டு. ஆனால் அந்தக் கரித்துகள் எங்கே போகும்? பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவரின் நுரையீரலுக்குத்தான். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் வகைப்படுத்தியது. வண்டி உரிமையாளருக்குத் தொல்லை தரும் பாகம், சாலையில் நடப்பவருக்குப் பாதுகாப்பு. இரண்டையும் தராசில் வைத்துத்தான் பேச வேண்டும்.

இரண்டு உணரிகளின் கதை

பழைய காரில் எண்ணெய் மிதியை ஒரு கம்பி எஞ்சினுடன் இணைத்தது. இன்று அந்த இடத்தில் மின்னணு உணரிகள் உள்ளன. சென்சர் என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். மிதி எவ்வளவு அழுத்தப்பட்டது என்று அளக்க ஒன்று போதும். ஆனால் வைப்பது இரண்டு. ஒன்று தவறான தகவல் தந்து வண்டி தானாகப் பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே கணினி இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் வேறுபட்டால் எஞ்சினின் ஆற்றலைக் குறைத்துவிடும். பட்டறைக்காரர்கள் "லிம்ப் மோட்" என்று சொல்வது இந்த நிலையைத்தான்.

ஒவ்வோர் உணரியும் பழுதாகும் வாய்ப்பு 0.01 என்று கொள்வோம். இப்போது இரண்டு கணக்குகள்:

இரண்டும் சேர்ந்து பழுதாகும் வாய்ப்பு: 0.01 × 0.01 = 0.0001.
குறைந்தது ஒன்றாவது பழுதாகும் வாய்ப்பு: 1 − (0.99 × 0.99) = 0.0199.

ஒரே உணரி இருந்தபோது இரண்டு வாய்ப்பும் 0.01 தான். இரண்டாவதைச் சேர்த்ததும் ஆபத்து நூறில் ஒரு பங்காகக் குறைந்தது. அதே நேரத்தில் எச்சரிக்கை விளக்கு எரியும் வாய்ப்போ ஏறக்குறைய இரு மடங்கானது. வண்டி முன்பைவிடப் பாதுகாப்பானது. ஆனால் முன்பைவிட அதிகம் தொல்லை தருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

இந்தக் கணக்கிலும் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு உணரிகளும் தனித்தனிக் காரணத்தால் பழுதாக வேண்டும். 2021 டிசம்பரில் சிலாங்கூரில் வந்தது போன்ற வெள்ளத்தில் வண்டி மூழ்கினால், சேற்று நீர் எல்லா இணைப்பிகளிலும் ஒரே நேரத்தில் புகுந்து அரிக்கத் தொடங்கும். அப்போது இரண்டு உணரி என்ன, பத்து இருந்தாலும் பயன் குறைவே. பொதுக் காரணப் பழுது என்று இதைச் சொல்வார்கள்.

நம் வெயிலும் ஈரமும்

வரையறையில் "சூழல்" என்ற சொல் இருந்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். குளிர் நாட்டில் நீண்ட நாள் உழைக்கும் பாகம் நம் ஊரில் அப்படி உழைக்கும் என்று சொல்ல முடியாது. வெப்பம் கூடினால் வேதிவினை வேகமெடுக்கும் என்பது வேதியியலில் நீங்கள் படித்ததுதான். கார் பேட்டரி வெப்ப நாடுகளில் விரைவில் தளர்ந்துபோக இது ஒரு முக்கியக் காரணம்.

இதற்கு மிகத் துயரமான எடுத்துக்காட்டு, தக்காத்தா நிறுவனத்தின் காற்றுப்பை. அதை விரியச் செய்யும் கருவியில் அம்மோனியம் நைட்ரேட் என்னும் சேர்மம் பயன்பட்டது. பல ஆண்டுகள் வெப்பமும் ஈரப்பதமும் மாறி மாறித் தாக்கியதில் அந்தச் சேர்மத்தின் தன்மை கெட்டது. விபத்து நேரத்தில் அது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, உலோகக் கூடு வெடித்துச் சிதறியது. காப்பாற்ற வேண்டிய கருவியே உயிரைப் பறித்தது. மலேசியாவிலும் உயிரிழப்புகள் நேர்ந்தன. உலக அளவில் ஏறக்குறைய 10 கோடிக் கருவிகள் திரும்பப் பெறப்பட வேண்டியதாயிற்று. வாகன வரலாற்றின் மிகப் பெரிய திரும்பப் பெறுதல்களில் இதுவும் ஒன்று. உங்கள் வீட்டு வண்டிக்கு இத்தகைய அறிவிப்பு வந்திருந்தால் அலட்சியம் வேண்டாம். மாற்றித் தருவதற்குக் கட்டணம் கிடையாது.

பழைய வண்டிதான் சிறந்ததா?

இப்போது தாத்தாவின் வாதத்திற்கு வருவோம். இன்று சாலையில் பளபளக்கும் டட்சன் 120ஒய் கார்கள், 1970களில் விற்ற எல்லாக் கார்களின் பிரதிநிதிகள் அல்ல. பழுதானவையும் துருப்பிடித்தவையும் என்றோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. தப்பிப் பிழைத்தவற்றை மட்டும் பார்த்துவிட்டு "அந்தக் காலத்தில் எல்லாமே உறுதி" என்று முடிவெடுப்பதைப் புள்ளியியலில் பிழைத்தவை சார்ந்த சாய்வு என்பர். அந்தக் கார்களுக்குப் பராமரிப்பும் அதிகம் தேவைப்பட்டது. கார்புரேட்டரைச் சரிசெய்ய வேண்டும், தீப்பொறி முனைகளைத் தேய்க்க வேண்டும், அடிக்கடி பிளக் மாற்ற வேண்டும். இன்றைய இரிடியம் பிளக் 100,000 கிலோமீட்டர் வரை உழைக்கக்கூடியது. அந்தக் காலத்துப் பல கார்களின் தூரமானியில் ஐந்து இலக்கங்களே இருந்தன. 99,999-ஐத் தாண்டினால் மீண்டும் பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

அமெரிக்காவில் கிடைக்கும் இரண்டு தகவல்களை அருகருகே வைத்துப் பாருங்கள். 2024-இல் அங்கே ஓடிக்கொண்டிருந்த இலகுரக வாகனங்களின் சராசரி வயது 12.6 ஆண்டுகள். அதுவரை இல்லாத உச்சம் அது. மறுபுறம், மூன்று ஆண்டுகள் ஆன வாகனங்களைப் பற்றி ஜே.டி. பவர் நிறுவனம் நடத்தும் ஆய்வில், 100 வாகனங்களுக்கான புகார்கள் 2024-இல் 190 ஆக இருந்து 2025-இல் 202 ஆகக் கூடின. வண்டிகள் நீண்ட நாள் உழைக்கின்றன, புகார்களும் கூடுகின்றன!

முரண்பாடு போலத் தெரிந்தாலும் விளக்கம் எளிது. அதிகப் புகார் வந்தது எஞ்சினைப் பற்றி அன்று. தொடுதிரை, கைப்பேசி இணைப்பு போன்ற தகவல்-பொழுதுபோக்கு அமைப்புகளைப் பற்றித்தான். அவை வண்டி ஓடுவதற்கான சங்கிலியில் இல்லை. திரை அணைந்தாலும் சக்கரம் சுழலும். ஆனால் குளிர்சாதனத்தின் பொத்தானையும் திரைக்குள் கொண்டுபோய் வைத்தால், திரை பழுதானதும் குளிர்சாதனமும் கையை விட்டுப் போகும். தனியாக இருந்த ஒன்றைத் தேவையில்லாமல் சங்கிலியில் கோர்ப்பது வடிவமைப்பாளர் எடுக்கும் முடிவு. பெரியவர்களின் கோபத்தில் நியாயமான பகுதி இங்கேதான் இருக்கிறது. உயிரையும் காற்றையும் காக்க வந்த பாகத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆடம்பரத்துக்காகச் சேர்த்த பாகம், அவசியமான வேலையைத் தடுக்கக் கூடாது.

விளக்கு எரிந்தால் அறிவியலாளராகச் சிந்தியுங்கள்

மஞ்சள் எஞ்சின் விளக்கு எரியும்போது கணினி ஒரு குறியீட்டைப் பதிவு செய்கிறது. ஸ்டியரிங்கின் கீழே உள்ள 16 முனை இணைப்பியில் கருவியைச் செருகினால் அதைப் படிக்கலாம். பெட்ரோல் காரில் "பி0171" என்று வந்தால், எஞ்சினுக்குள் எரிபொருளைவிடக் காற்றின் விகிதம் மிகுந்துவிட்டது என்று பொருள்.

இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். குறியீட்டைப் பார்த்ததும் ஓர் உணரியை மாற்றிவிட்டுப் பணம் கட்டுகிறார்கள். இரண்டு நாளில் விளக்கு மீண்டும் எரிகிறது. குறியீடு சொல்வது அறிகுறியை மட்டுமே. காய்ச்சல் இருக்கிறது என்று வெப்பமானி சொல்லும். டெங்கியா சளியா என்று சொல்லாது. பி0171-க்குக் காற்றுக் குழாயில் விரிசல் காரணமாக இருக்கலாம். எரிபொருள் பம்பு தளர்ந்திருக்கலாம். காற்றோட்ட உணரியில் அழுக்கு படிந்திருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் செய்வதைப் போலவே கருதுகோள்களை எழுதி, செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். பட்டறையில் "எந்தச் சோதனை செய்து இந்தப் பாகம்தான் பழுது என்று கண்டீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் மகிழ்ச்சியோடு விளக்குவார்.

பயிற்சி

1. தொடராக அமைந்த 3 பாகங்கள். ஒவ்வொன்றின் நம்பகத்தன்மை 0.9. முழு அமைப்பின் நம்பகத்தன்மை என்ன?
2. ஒரு காரில் இரண்டு தனித்தனி பிரேக் சுற்றுகள். ஒவ்வொன்றும் வேலை செய்யும் வாய்ப்பு 0.99. குறைந்தது ஒன்றாவது வேலை செய்யும் வாய்ப்பு என்ன?
3. மேலே சொன்ன புதிய வண்டியில் 50 பாகங்களைச் சங்கிலியிலிருந்து நீக்கிவிட்டால் நம்பகத்தன்மை எவ்வளவு ஆகும்?
4. ஒரு குடும்பம் ஆறு மாதத்தில் மூன்று முறை பேட்டரியை மாற்றியது. பேட்டரி அல்லாத இரண்டு காரணங்களைக் கருதுகோளாக எழுதி, ஒவ்வொன்றையும் எப்படிச் சோதிப்பீர்கள் என்று கூறுக.

விடைகள்

1. 0.9 × 0.9 × 0.9 = 0.729.
2. 1 − (0.01 × 0.01) = 0.9999.
3. 0.999-ஐ 150 முறை பெருக்க, ஏறக்குறைய 0.861. பழைய வண்டியின் 0.905-ஐ இன்னும் எட்டவில்லை.
4. மின்னாக்கி சரியாக மின்னேற்றம் செய்யாமல் இருக்கலாம்: எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளின் மின்னழுத்தத்தை அளக்கலாம், பொதுவாக ஏறக்குறைய 14 வோல்ட் இருக்க வேண்டும். வண்டி நிற்கும்போது எங்கோ மின்சாரம் கசியலாம்: எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அம்மீட்டரால் மின்னோட்டத்தை அளக்கலாம். இந்தச் சோதனைகளைப் பெரியவர் அல்லது மெக்கானிக் உடனிருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.